குடத்தில் இருந்த ஒரே ஓலை

மகள் பள்ளிக்கூடத்தில் எப்படி இருக்கிறாள் என்பதை ஆதிலட்சுமி மதிப்பெண் அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் மாலையில் காலியாக வந்தால் நல்ல நாள். நிரப்பியபடியே திரும்பி வந்தால் இளவரசி அன்று முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று பொருள்.

எட்டாம் வகுப்பு முடிகிறவரை பாட்டில் நிறைந்தேதான் வந்தது. திருப்புலிவனம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் கடம்பேரி அரசு உயர்நிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கென்று இருந்த ஒரே வசதி, பின்பக்கத்து ஏரிக்கரையின் சீமைக்கருவேலங்காடு. கரைமேல் எந்நேரமும் எவனாவது ஒருவன் மாடு மேய்த்துக்கொண்டோ, மேய்க்காமலோ நிற்பான். ஆகவே பெண் பிள்ளைகள் பள்ளி மணி அடித்த பிறகு தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியிருந்தார்கள். அந்தப் பள்ளியில் எல்லா மாணவிகளும் தேறிய ஒரே பாடம் அதுதான். வீட்டுக்குத் திரும்பி வந்த தண்ணீரை ஆதிலட்சுமி கொல்லையில் இருந்த கனகாம்பரச் செடிகளுக்கு ஊற்றிவிடுவாள். செடிகள் செழித்திருந்தன.

இளவரசி ஒன்பதாம் வகுப்புக்குப் போன ஆனி மாதம், ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்று பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்தது. ஒரே பெரிய அறை, வெள்ளை டைல்ஸ், மேலே தண்ணீர்த் தொட்டி, இரும்புக் கதவு. பாட்டில் காலியாக வரத் தொடங்கியது. கொல்லையில் கனகாம்பரம் வாடியது. ஆதிலட்சுமி அதற்காக வருத்தப்படவில்லை.

புரட்டாசியில் மினி லாரி நிறையப் புத்தகங்கள் வந்து இறங்கின.

'வரலாற்று வீராங்கனையர் வாசிப்பு எழுச்சி இயக்கம்' என்பது திட்டத்தின் பெயர். உலகத்தின் மாபெரும் பெண்களைப் பற்றி மாணவிகள் படித்து எழுச்சி பெற வேண்டும் என்பது அதன் நோக்கம். வழவழப்பான தாளில் வண்ணப் படங்களோடு அச்சிட்ட புத்தகங்கள். கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. புத்தகங்களைப் பூட்டக்கூடிய கதவுள்ள அறையில் வைக்க வேண்டும். கறை, மடிப்பு, விரல் ரேகை ஆகியவை சேதமாகக் கருதப்படும். சேதத்தின் மதிப்பு தலைமை ஆசிரியரின் சம்பளத்தில் பிடிக்கப்படும்.

தலைமை ஆசிரியர் தாண்டவராயன் அந்தச் சுற்றறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டினார். குழுவுக்கு ஒரு பிள்ளையின் அம்மாதான் தலைவியாக இருக்க வேண்டும் என்பது அரசு விதி. கூட்டம் என்று சொன்னால் களை பறிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறவள் என்பதால் ஆதிலட்சுமியைத் தலைவியாக்கியிருந்தார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவது தலைவியின் பணி.

"நாம யாரு?" என்று தாண்டவராயன் கூட்டத்தைத் தொடங்கினார். "உத்திரமேரூர்க் கல்வெட்டின் வாரிசுகள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே குடவோலை முறையில் ஆளைத் தேர்ந்தெடுத்த மண் இது. நூலகத்துக்கு அறையையும் அதே முறையில்தான் தேர்ந்தெடுக்கப் போறோம். அப்ப ஒரு சின்னப் பையனை விட்டு ஓலையை எடுக்கச் சொன்னாங்க. நாம முற்போக்கு. ஒரு பெண்ணை விட்டு எடுக்கப் போறோம்."

சத்துணவுக் கூடத்திலிருந்து பித்தளைக் குடம் வந்தது. கல்வெட்டில் வேட்பாளருக்குத் தகுதிகள் சொல்லியிருப்பது போல அவர் அறைகளுக்குத் தகுதிகள் சொன்னார். கதவு இருக்க வேண்டும். பூட்டு மாட்ட வழி இருக்க வேண்டும். கூரை ஒழுகக் கூடாது. உள்ளே வேறு அரசுச் சொத்து இருக்கக் கூடாது. வகுப்பறைகளில் கதவு இருந்தவை ஒழுகின, ஒழுகாதவற்றில் கதவு இல்லை. கணினி அறையில் கணினிகள், அவற்றுக்கும் இதே போன்ற ஒரு சுற்றறிக்கை வந்திருந்ததால், பெட்டி பிரிக்கப்படாமல் இருந்தன. தலைமை ஆசிரியர் அறையில் அலுவலக ஆவணங்களும் தலைமை ஆசிரியரும் இருந்தார்கள். ஆக, தகுதி பெற்ற அறை ஒன்றே ஒன்று. அதன் பெயரை ஒரு பனையோலை நறுக்கில் எழுதிக் குடத்தில் போட்டார்.

"சார், அதுல பொண்ணுங்க ஒண்ணுக்குப் போறாங்களே," என்றாள் ஆதிலட்சுமி.

"தற்காலிகம்தாம்மா. நூலகக் கட்டடத்துக்கு எழுதிப் போட்டாச்சு. நீங்க எடுங்க."

"கொடத்துல ஒண்ணுதான சார் கீது?"

"ஆமா."

"அப்போ இன்னாத்துக்குக் குலுக்கிக்கினு கீறீங்க?"

"முறைன்னு ஒண்ணு இருக்குதில்லம்மா," என்றார் அவர், இன்னும் குலுக்கிக்கொண்டே.

ஆதிலட்சுமி கையை விட்டு எடுத்தாள். பெண்கள் கழிப்பறை. எல்லாரும் கை தட்டினார்கள். குடத்தில் கை விட்ட நிலையில் அவளை இன்னொரு முறை நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள்.

மறுநாள் பீங்கான்களின் மேல் பலகை போட்டு, பலகை மேல் புத்தகங்களை அடுக்கி, தண்ணீர்க் குழாயை அடைத்து, கதவில் பூட்டுப் போட்டார்கள். விரல் ரேகை சேதம் என்பதால் மாணவிகளை உள்ளே விட முடியவில்லை. வாசிப்பு வகுப்பு வெளியே நடந்தது. பூட்டிய கதவின் முன்னால் மாணவிகள் வரிசையாக நின்று, "நானும் வரலாறு படைப்பேன்" என்று உறுதிமொழி எடுத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினார்கள்.

எத்தனை பேர் எழுச்சி பெற்றார்கள் என்பதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் செயலியில் ஏற்ற வேண்டும். போன வாரத்தைவிடக் குறைந்த எண்ணையோ அதே எண்ணையோ செயலி வாங்கிக்கொள்ளாது. ஆகவே கார்த்திகைக்குள் பள்ளியில் படிக்கும் பெண் பிள்ளைகளைவிட எழுச்சி பெற்ற பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை அதிகமாகிவிட்டது. மாவட்டத்திலேயே கடம்பேரி முதலிடம் என்று பாராட்டுச் செய்தி வந்தது.

பாட்டில் மறுபடி நிறைந்து வந்தது. இளவரசிக்கு நீர்க்கடுப்பு கண்டு, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொண்டே, "தண்ணி நிறையக் குடிக்கணும் பாப்பா" என்றார்.

"குட்ச்சா எங்க போறது டாக்டர்?" என்றாள் இளவரசி.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். பிறகு இன்னொரு மாத்திரையைச் சேர்த்து எழுதினார்.

"கருவேலங்காட்டுக்கே போய்த் தொலையேண்டி, முன்ன மாதிரி," என்று வழியில் ஆதிலட்சுமி சொன்னாள்.

"முன்ன சும்மா பாத்துக்கினு நின்னானுங்க. இப்போ போன் வெச்சிக்கினு நிக்கிறானுங்க. நான் போவல."

மார்கழியில் இரண்டாவது தடவை கடுப்பு வந்தது. இளவரசியின் அப்பா கன்னியப்பன் அதிகம் பேசாதவன். வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "இன்னொரு தபா இவ இப்டிப் படுத்தா பள்ளிக்கூடம் அவ்ளோதான். ராஜகுளத்துல என் தங்கச்சி பட்டு சுத்திக்கினு கீறா. கூட இருந்து கத்துக்கட்டும். அவ வூட்ல கக்கூஸாவது கீது."

மறுநாள் ஆதிலட்சுமி தலைமை ஆசிரியரிடம் போனாள்.

"சார், பூட்டத் தொறந்து வுடுங்க சார். இன்னொரு தபா முடியாமப் போச்சுன்னா பொண்ண நிறுத்திடுவேன்னு அவரு சொல்டாரு."

தாண்டவராயன் அவளை உட்காரச் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டே வருடம் இருந்தது. "ஆதிலட்சுமிம்மா, ராணி மங்கம்மாள் ராஜ்யத்தை ஆண்டாங்க. வேலு நாச்சியார் காட்டுல ஒளிஞ்சிருந்து படை திரட்டினாங்க. அவங்கல்லாம் பாத்ரூம் எங்கன்னு கேட்டுக்கிட்டா இருந்தாங்க?"

"அவங்கள யாரும் போன்ல படம் புடிக்கல சார்."

"உணர்ச்சிவசப்படாதீங்க. அறையை நானா தேர்ந்தெடுத்தேன்? ஊர் பாக்க நீங்கதான எடுத்தீங்க? போட்டோ இருக்குது." சுவரைக் காட்டினார். குடத்தில் கை விட்டபடி ஆதிலட்சுமி சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கச் சொல்லித்தான் எடுத்தார்கள்.

பொங்கல் முடிந்ததும் மாவட்ட எழுச்சி ஒருங்கிணைப்பாளர் ஹேமாவதி மேடம் முதலிடப் பள்ளியை நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. கழிப்பறைச் சுவரில் வீராங்கனைகளை வரைய பாண்டியனைக் கூப்பிட்டார்கள். தேர்தல் சுவர்களும் கோயில் மதில்களும் வரைகிறவன். அவனுக்குப் பெண் முகம் ஒன்றுதான் கை வரும். மாரியம்மன் கோயில் மதிலில் இருப்பதும் அதுவே. வேலு நாச்சியாருக்கும் ஜான்சி ராணிக்கும் அந்த முகத்தின் கீழ் வாள் கொடுத்தான். மேரி கியூரிக்குக் கையில் கண்ணாடிக் குப்பி கொடுத்துவிட்டு, நெற்றி காலியாக இருக்கிறதே என்று ஒரு பொட்டும் வைத்தான்.

மேடம் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி, வழியில் இரண்டு முதலிடப் பள்ளிகளை முடித்துக்கொண்டு, மதியம் வந்து சேர்ந்தார். ஒவ்வொரு பள்ளியிலும் இளநீர் கொடுத்திருந்தார்கள். காரிலிருந்து இறங்கியதும் மாலையை வாங்கிக்கொள்ளாமல் தாண்டவராயனின் காதில் ஏதோ கேட்டார். தாண்டவராயன் வெளுத்துப் போனார். ஆசிரியைகள் வழக்கமாக எதிர் வீட்டுக்குத்தான் போவார்கள். அந்த வீட்டுக்காரர்கள் அன்று கல்யாணத்துக்காகத் தாமலுக்குப் போயிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆதிலட்சுமி வேப்பமரத்தடியில் நின்று தன் கண்ணாலேயே பார்த்தாள். பூட்டு திறந்தது. ஆசிரியர்கள் எல்லாரும் கை மாற்றிக் கை மாற்றிப் புத்தகங்களை வெளியே கடத்தினார்கள். பலகை வந்தது. குழாய் அடைப்பை உருவினார்கள், தண்ணீர் கொட்டியது. நான்கு மாதமாக முடியாது என்று சொன்ன வேலை, மேடம் கைக்குட்டையால் இரண்டு முறை முகத்தைத் துடைத்துக்கொள்வதற்குள் முடிந்துவிட்டது. மேடம் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

மைதானத்தில் உட்கார வைத்திருந்த பெண் பிள்ளைகள் இதைப் பார்த்தார்கள். முதலில் ஒருத்தி எழுந்து ஓடினாள். பிறகு எல்லாரும் ஓடினார்கள். மேடம் கதவைத் திறந்தபோது வாசலிலிருந்து கொடிக்கம்பம் வரை வரிசை நின்றது, முன்னால் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"நூலகத்துக்கா இவ்வளவு கூட்டம்?" என்று மேடம் நெகிழ்ந்தார். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். எடுத்து முடித்ததும், மேடம் தணிக்கை செய்வதற்கு முன்னால் புத்தகங்கள் உள்ளே போக வேண்டும் என்பதால், பிள்ளைகளைக் கலைத்துவிட்டுப் புத்தகங்களை அடுக்கிப் பூட்டினார்கள். ஒருத்திகூட உள்ளே போகவில்லை. வேலு நாச்சியார் வேஷத்தில், வாடகைக் கவசத்தோடு மேடைக்குப் பின்னால் நின்றிருந்த இளவரசியால் ஓடக்கூட முடியவில்லை.

மேடம் நீண்ட உரை ஆற்றினார்.

"நான் எத்தனையோ நூலகங்களைப் பார்த்தவள். ஆனால் இன்று இந்த அறைக்குள் சில நிமிடங்கள் தனியாக இருந்தேன். உள்ளே போகும்போது எனக்குள் பெரிய பாரம் இருந்தது. வெளியே வரும்போது அது இல்லை. இந்த நிம்மதி ஒவ்வொரு பெண் குழந்தைக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் நம் இயக்கத்தின் கனவு. குழந்தைகளே, பொறுமையாக இருங்கள். மாபெரும் பெண்கள் எல்லோருமே அடக்கத்தால்தான் உயர்ந்தார்கள்."

பிள்ளைகள் கால்களை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவி என்ற முறையில் ஆதிலட்சுமியை இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள். அவள் ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மேடம், அது கக்கூஸு மேடம்" என்றாள். தாண்டவராயன் விரைந்து வந்து ஒலிபெருக்கியை வாங்கி, "நம் தலைவிக்கு மகிழ்ச்சியில் வார்த்தை வரவில்லை" என்று சொல்லிக் கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள்.

மறுநாள் படம் பத்திரிகையில் வந்தது. 'நூலகத்துக்கு முண்டியடிக்கும் மாணவியர்.'

அன்று காலை ஆதிலட்சுமி வேலிக்குக் குழி தோண்டும் கடப்பாறையைத் தோளில் போட்டுக்கொண்டு மகளோடு பள்ளிக்குப் போனாள். ஆசிரியர்கள் வந்து சேர்ந்திருக்கவில்லை. இரண்டு அடியில் பூட்டு தெறித்தது. தார்ப்பாயை வேப்பமரத்தடியில் விரித்து, பெண் பிள்ளைகளும் அவளும் புத்தகங்களை ஒன்று விடாமல் கொண்டுவந்து ஒழுங்காக அடுக்கினார்கள். பலகையைச் சாத்தி வைத்தாள். குழாயைத் திறந்தாள்.

"ஒருத்தி பின்னால ஒருத்தி போங்கடி. ஒண்ணும் ஓடிப் போவாது," என்றாள்.

வரிசை நீண்டது. நிற்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லாததால் பக்கத்தில் இருந்த புத்தகங்களை எடுத்துப் பிரித்தார்கள். இயக்கம் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் புத்தகங்களை யாரும் படித்தது அன்றுதான். இளவரசி வேலு நாச்சியாரைப் பாதி வரை படித்துவிட்டாள். தன் முறை வந்தபோது, "இருடி, நீ போ, கோட்டைய எப்டிப் புடிச்சாங்கன்னு பாத்துட்டு வரேன்" என்று பின்னால் நின்றவளை முன்னே அனுப்பினாள். மேரி கியூரிக்கு நிஜத்தில் பொட்டு இல்லை என்பதை ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கண்டுபிடித்து எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

அன்று மாலை பாட்டில் காலியாக வந்தது. "யம்மா, பள்ளிக்கூட கொயாயிலயும் புட்ச்சி குட்ச்சேன்," என்றாள் இளவரசி.

தாண்டவராயன் அன்று பள்ளிக்கு வந்ததும் முதலில் செய்தது, புத்தகங்களில் பதிந்திருந்த விரல் ரேகைகளைத் துடைக்கச் சொன்னது. பிறகு தன் அறையில் உட்கார்ந்து யோசித்தார். அரசுச் சொத்து உடைக்கப்பட்டது என்று எழுதினால் விசாரணை வரும், சம்பளத்தில் பிடிப்பார்கள். ஆகவே, வாசிப்புத் தாகம் தாங்க முடியாமல் ஒரு தாய் நூலகத்தின் பூட்டை உடைத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்தார் என்று எழுதி அனுப்பினார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று அவருக்கே தோன்றியது, தாகம் என்ற சொல் உட்பட.

மேலிடம் சிலிர்த்துப் போனது. அந்த மாதத்துக்கு 'உள்ளூர் வீராங்கனை' ஒருவர் தேவைப்பட்டிருந்தார். ஹேமாவதி மேடமே போனில் கூப்பிட்டு ஆதிலட்சுமியைப் பாராட்டினார்.

"மேடம், அத்தத் தொறந்தே வெச்சிருக்கச் சொல்லுங்க மேடம். அது போதும்."

"உங்க ஆர்வம் புரியுதும்மா. ஊரே பூட்டை உடைக்கிற அளவுக்கு வாசிப்பு வளர்ந்திருக்கு. அப்ப பாதுகாப்பையும் வளர்க்கணும் இல்லையா?"

நூலகக் கட்டடத்துக்கு எழுதிப் போட்ட விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. இரும்புக் கிரில் கேட்காமலே அந்த வாரத்துக்குள் வந்துவிட்டது. புத்தகங்களை மறுபடி உள்ளே அடுக்கி, கதவுக்கு முன்னால் அதைப் பொருத்தி, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பூட்டுப் போட்டார்கள். பாண்டியன் மறுபடி வந்து வேலு நாச்சியாருக்கும் ஜான்சி ராணிக்கும் நடுவில் ஆதிலட்சுமியை வரைந்தான்.

புல்லுக்கட்டோடு அந்தப் பக்கம் போனவள் நின்று பார்த்தாள். "இது நானாடா?"

"ஆமாக்கா."

"மூஞ்சி என்னுது மாதிரி இல்லியே."

"மூஞ்சி எல்லாருக்கும் ஒண்ணுதான்க்கா. கைல இன்னா கீதுன்னு பாத்துதான் ஆளக் கண்டுபுடிக்கணும்," என்று சொல்லிக்கொண்டே அவன் கடப்பாறையின் முனைக்கு வெள்ளி வண்ணம் பூசினான். கடப்பாறை அச்சு அசலாக இருந்தது.

மாசியில் 'எங்கள் ஊர் வீராங்கனை' என்ற தலைப்பில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். தமிழாசிரியர் எழுதிக் கொடுத்ததை எல்லாரும் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். இளவரசிக்கு முதல் பரிசு. காலையிலிருந்து மாலை வரை மேடையருகே உட்கார்ந்திருந்துவிட்டு, முகம் சிவந்து வீட்டுக்கு வந்தாள். ஆதிலட்சுமி பாட்டிலை வாங்கித் தூக்கிப் பார்த்தாள். கனத்தது.

"உன்னப் பத்திப் பேசித்தாம்மா பஸ்ட் பிரைஸு."

"இன்னா குட்தாங்க?"

"புக்கு."

"எங்கடி?"

"கறை படும்னு உள்ள வெச்சிப் பூட்டிட்டாங்க."

அன்று இரவே காய்ச்சல் கண்டது. சிறுநீரில் இரத்தம் வந்தது. மூன்றாவது தடவை. கன்னியப்பன் சத்தம் போடவில்லை. காய்ச்சல் விட்டதும், பாவாடை தாவணிகளை ஒரு கட்டைப்பையில் எடுத்து வைக்கச் சொன்னான். இளவரசி புத்தகப் பையையும் எடுத்தாள். "அது இன்னாத்துக்கு?" என்றான். அவள் வைத்துவிட்டாள். ராஜகுளத்துக்குப் போகும் பஸ் பள்ளியைக் கடந்துதான் போகும். ஜன்னல் வழியே அவள் சுவரைப் பார்த்தாளா என்று ஆதிலட்சுமிக்குத் தெரியாது. பஸ் திரும்புகிறவரை நின்று பார்த்தும், மகளின் பின்னந்தலைதான் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை தாண்டவராயன் செயலியில் எழுச்சி பெற்றவர் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்துப் பார்த்தார். நேர்மையானவர் அல்லவா. செயலி வாங்கிக்கொள்ளவில்லை. ஒன்றைக் கூட்டினார். வாங்கிக்கொண்டது.

பாட்டில் ஆதிலட்சுமியின் வீட்டு அலமாரியில் காலியாக இருக்கிறது. கொல்லையில் கனகாம்பரம் மறுபடியும் வாடியிருக்கிறது.